ஒத்திருப்பதெல்லாம் ஒன்றல்ல

வடகிழக்குப் பருவமழை ஒரு சுற்றுப் பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் சென்னையின் புல்வெளிகளைப் பார்த்தால், முந்தைய மாலை வரை இல்லாத வெண்குடைகள் ஆங்காங்கே விரிந்திருக்கும். மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பூங்காக்களிலும் அடையாற்றின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் காலை நடை செல்வோர் இக்காட்சியைத் தவறாமல் கண்டிருப்பர். சிலர் கைப்பேசியில் படம் எடுப்பர். சிலர் காலால் தட்டிவிட்டுப் போவர். வேறு சிலர் குனிந்து பார்த்து, 'இது சமைக்கத் தகுந்ததுதானே?' என்று யோசிப்பர். இக்கட்டுரை அந்த மூன்றாவது வகையினரைப் பற்றியது.

அவர்கள் கேட்கும் கேள்வி தாவரவியல் கேள்வியாகத் தோன்றலாம். பல ஆண்டுகள் பொருளியல் கற்பித்த எனக்கு அது தகவலைப் பற்றிய கேள்வியாகவும், பிழைக்கு யார் என்ன விலை கொடுக்கிறார் என்ற கேள்வியாகவும் தோன்றுகிறது. முதலில் காளானைப் பார்ப்போம்.

வெப்ப மண்டல நாடுகளின் புல்வெளிகளில் மழைக்குப் பின் தோன்றும் பெரிய வெண்காளான்களுள் பரவலாகக் காணப்படுவது குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ் என்னும் இனம். தென் அமெரிக்காவின் கயானாப் பகுதியிலிருந்து 1818இல் முதன்முதலாக அறிவியல் நூலில் விவரிக்கப்பட்ட இந்த இனம், இன்று இந்தியா உட்பட வெப்பமான நாடுகள் பலவற்றில் காணப்படுகிறது. இளம் பருவத்தில் முரசு கொட்டும் குச்சியின் தலைபோல உருண்டு நிற்கும். விரிந்ததும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவும். வெண்ணிறக் குடையின் மேல் பழுப்பு நிறச் செதில்கள், தண்டில் ஒரு வளையம், சில வேளைகளில் புல்வெளியில் வட்டமாக வரிசைகட்டி நிற்கும் இயல்பு ஆகியவை இதன் தோற்றம். பார்ப்பதற்குச் சதைப்பற்றாகவும் தூய்மையாகவும் இருக்கும். நாற்றமும் இல்லை, அச்சுறுத்தும் நிறமும் இல்லை.

ஆனால் இது நச்சுக் காளான். உண்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். உடல்நலம் மிக்க ஒருவர் பெரும்பாலும் ஓரிரு நாள்களில் தேறிவிடுவார். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் உடலின் நீர் வற்றிப்போவதால் நிலைமை மோசமாகலாம். புல்வெளியில் திரியும் வளர்ப்பு நாய்களுக்கும் இதே ஆபத்து உண்டு. வட அமெரிக்காவில் காட்டுக் காளான்களால் நேரும் நச்சுப் பாதிப்புகளில் மிகுதியாகப் பதிவாகும் காரணங்களுள் இந்த இனமும் ஒன்று.

இத்தனை தொல்லை தருவதை மக்கள் ஏன் பறிக்கிறார்கள்? அது வேறொன்றைப் போல் இருப்பதுதான் காரணம். தமிழகத்துச் சிற்றூர்களில் மழைக்குப் பின் மண்ணைப் பிளந்துகொண்டு வரும் புற்றுக்காளானை அறியாதவர் குறைவு. கோழிக்குழம்புக்கு நிகராக அதைப் பேசுவோர் உண்டு. டெர்மிட்டோமைசிஸ் என்பது அந்தப் பேரினத்தின் அறிவியல் பெயர். பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹைம் 1942இல் சூட்டியது. நிலத்தடியில் கறையான்கள் தாம் கொணர்ந்த தாவரக் கழிவின்மேல் இப்பூஞ்சையை வளர்த்து உண்கின்றன. உரிய மழை வந்ததும் அந்தத் தோட்டத்திலிருந்து காளான் மேலெழுகிறது. கறையானின்றி இது வாழாது என்பதால், இதனை வணிக முறையில் வளர்ப்பது இன்றும் கைகூடவில்லை. கிடைப்பவை யாவும் வயலிலும் தோப்பிலும் பறிக்கப்பட்டவையே.

கறையானையும் காளானையும் சேர்த்துப் பார்த்த கண் நம் இலக்கியத்துக்கும் உண்டு. வறிய பாணன் வீட்டு அடுக்களையில், கறையான் அரித்த புழுதியில் காளான் பூத்திருந்ததைச் சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. நம் காலத்திலும் இந்த ஆய்வுக்குச் சென்னை தொலைவில் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தைச் சேர்ந்த கே. நடராஜன், இந்தியாவின் புற்றுக்காளான் ஒன்றைப் புதிய இனமாக 1979இல் விவரித்து, ரோஜே ஹைமின் நினைவாக டெர்மிட்டோமைசிஸ் ஹைமியை என்று பெயரிட்டார். அந்த மையம் அடையாற்றிலிருந்து சிறிது தொலைவே உள்ள கிண்டி வளாகத்தில் இயங்குகிறது.

இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி? புற்றுக்காளானின் தண்டு மண்ணுக்கு மேலே முடிவதில்லை; வேர்போல நீண்டு கறையான் தோட்டம் வரை இறங்குகிறது. பிடுங்காமல் தோண்டிப் பார்த்தால்தான் அது தெரியும். புல்வெளிக் காளானின் தண்டு அடியில் சற்றுப் பருத்து அங்கேயே முடிந்துவிடும். புற்றுக்காளானின் குடை நடுவில் பொதுவாகக் கூரான முகடு இருக்கும். மண்ணைத் துளைத்து வருவதற்கு அது உதவுகிறது. புல்வெளிக் காளானின் குடைமேல் உள்ளவை எளிதில் உதிரும் செதில்கள். தண்டில் வளையம் இருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. புற்றுக்காளான்களிலும் சிலவற்றுக்கு வளையம் உண்டு.

இவற்றுள் உறுதியான அடையாளம் வித்துத்துகளின் நிறம். குடையின் அடிப்புறத்தில் புத்தகத் தாள்கள்போல அடுக்கப்பட்ட தகடுகளிலிருந்து இத்துகள்கள் உதிர்கின்றன. புற்றுக்காளானின் துகள் இளஞ்சிவப்புச் சாயல் கொண்டது. புல்வெளிக் காளானின் துகள் பச்சை. முற்றிய காளானில் தகடுகளே சாம்பல் கலந்த பச்சையாக மாறிவிடுவதால், பார்த்தவுடன் ஐயம் எழும். சிக்கல் என்னவென்றால், பறித்துச் சமைக்கத் தூண்டும் இளம் பருவத்தில் அத்தகடுகள் தூய வெண்மையாகவே இருக்கின்றன. எச்சரிக்கும் அடையாளம் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் குடியிருப்பின் காவலர் ஒருவர், அஸ்ஸாமிலிருந்து வந்த இளைஞர், இத்தகைய காளான்கள் நான்கைந்தைத் துணியில் முடிந்து வைத்திருந்தார். ஊரில் அம்மா சமைப்பதுதான் என்று உறுதியாகச் சொன்னார். ஒன்றை மட்டும் எனக்குத் தருமாறும், மற்றவற்றை மறுநாள் வரை அடுப்பில் ஏற்ற வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். விரிந்திருந்த அக்குடையைத் தண்டிலிருந்து வெட்டி, தகடுகள் கீழ்நோக்கி இருக்குமாறு வெள்ளைத்தாளில் வைத்து, மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடினேன். காலையில் தாளில் பச்சை நிறக் கோடுகள் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் படிந்திருந்தன. அவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எங்கள் ஊர்க் காளான் இப்படி இராது ஐயா" என்றார். பின்னர் துணி முடிப்பை எடுத்துச் சென்று குப்பையில் கொட்டினார்.

அந்த இளைஞரை அறியாதவர் என்று சொல்வது தவறு. அவரிடம் இருந்தது தலைமுறைகளாகச் சோதிக்கப்பட்ட அறிவு. ஆனால் அது ஓர் ஊரின் அறிவு. அவ்வூரில் எந்தக் காளான்கள் முளைக்கின்றனவோ அவற்றுள் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிப்பதற்கு அது போதும். அங்கு இல்லாத ஒன்றிலிருந்து பிரிப்பதற்கு அது ஒருபோதும் பழகியதில்லை. இடம் மாறும்போது அறிவின் உறுதி அப்படியே உடன் வருகிறது. அதன் பொருத்தம் உடன் வருவதில்லை. திண்டுக்கல்லிலிருந்தோ கேரளத்திலிருந்தோ வடகிழக்கு மாநிலங்களிலிருந்தோ வந்து சென்னையில் வாழும் எவருக்கும் இது பொருந்தும்.

இதன் கொடிய வடிவத்தை ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் உலகம் கண்டது. 2011 டிசம்பர் 31 அன்று புத்தாண்டுக்கு முந்தைய இரவு விருந்தில் காளான் உண்ட இருவர் சில நாள்களில் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் சீனாவிலிருந்து வந்த சமையற்கலைஞர். உண்டது அமனிட்டா ஃபாலாய்டிஸ் என்னும் மரணத்தொப்பிக் காளான். ஆசிய நாடுகளில் அன்றாடம் உண்ணும் வைக்கோல் காளான் என்று அவர் அதை எண்ணியிருக்கலாம் என்பதே அப்போது பரவலாகக் கூறப்பட்ட விளக்கம். மரணத்தொப்பி ஆஸ்திரேலியாவின் மண்ணுக்கு உரியதன்று. ஐரோப்பியர் கொண்டுவந்து நட்ட ஓக் மரங்களின் வேரோடு ஒட்டி வாழ்வது. ஒரு கண்டத்திலிருந்து மரத்தோடு காளான் வந்தது. இன்னொரு கண்டத்திலிருந்து மனிதரோடு உணவு வழக்கம் வந்தது. மூன்றாவது கண்டத்தில் இரண்டும் சந்தித்தன.

வைக்கோல் காளானும் மரணத்தொப்பியும் முட்டை வடிவ உறையைக் கிழித்துக்கொண்டே வெளிவருகின்றன. இரண்டிலும் தண்டின் அடியில் அந்த உறை கிண்ணம்போல் எஞ்சியிருக்கும். வைக்கோல் காளானில் தண்டைச் சுற்றி வளையம் இராது, வித்துத்துகள் இளஞ்சிவப்பு. மரணத்தொப்பியில் வளையம் உண்டு, துகள் வெண்மை. மொட்டுப் பருவத்தில் பறித்துவிட்டால் இந்த வேறுபாடுகள் எதுவும் வெளியே தெரியாது.

மரணத்தொப்பியின் அமாடாக்சின் என்னும் நஞ்சு, உடலின் உயிரணுக்கள் புரதம் உருவாக்குவதற்குத் தேவையான முதற்படியையே முடக்குகிறது. வேகவைத்தாலோ உலர்த்தினாலோ உறையவைத்தாலோ அது அழிவதில்லை. அறிகுறிகள் பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குப் பின்னரே தொடங்குகின்றன. பிறகு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தணிந்து, நோயாளி தேறிவிட்டதாகத் தோன்றும் ஓர் இடைவெளி வருகிறது. அந்த வேளையில் கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். அமனிட்டா இனங்களுள் பெரும்பாலானவை குறிப்பிட்ட மரங்களின் வேர்களோடு வாழ்பவை என்பதால், நகரப் புல்வெளியில் மரணத்தொப்பியைக் காணும் வாய்ப்பு மிகக் குறைவு. காடும் மலையும் சார்ந்த பகுதிகளில் நிலைமை வேறு. 2022 ஏப்ரலில் அஸ்ஸாமின் மேற்பகுதி மாவட்டங்களில் காட்டுக் காளான் உண்டவர்கள் திப்ரூகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். சில நாள்களுக்குள் 13 பேர் இறந்தனர். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டப் பகுதியினர். காசு கொடுக்காமல் கிடைக்கும் ஒரு வேளைக் குழம்பின் மதிப்பு எல்லார் வீட்டிலும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

'நாய்க்குடை' என்று நம் மக்கள் உண்ணத்தகாதவற்றுக்குத் தனிப்பெயர் வைத்ததே, பிரித்தறிய வேண்டிய தேவையை உணர்ந்ததால்தான். ஆனால் அந்தத் தேவைக்கு விடையாக உலவும் வீட்டுச் சோதனைகள் பல நம்பத்தகாதவை. காளானோடு வெள்ளிக்காசைப் போட்டு வேகவைத்தால் நஞ்சு இருக்கும்போது காசு கறுக்கும் என்பர். அமாடாக்சின் வெள்ளியைக் கறுக்கச் செய்வதில்லை. பூண்டோ அரிசியோ நிறம் மாறும் என்பதற்கும் அடிப்படை இல்லை. பூச்சி அரித்த காளான் மனிதருக்கும் ஆகும் என்பர்; நமக்கு நஞ்சானது நத்தைக்கும் புழுவுக்கும் உணவாகலாம். பளிச்சென்ற நிறம்தான் ஆபத்து என்பர். புல்வெளிக் காளானோ வெண்மையானது. மஞ்சளும் உப்பும் புளியும் சேர்த்துக் கொதிக்கவைத்தால் நஞ்சு முறியும் என்ற நம்பிக்கை எல்லாவற்றிலும் ஆபத்தானது. இச்சோதனைகள் யாவும் நஞ்சு என்பது ஒரே பொருள் என்று எண்ணுகின்றன. ஒவ்வொரு காளான் இனத்தின் நஞ்சும் வேறு. எல்லாவற்றுக்கும் பொதுவான சோதனை கிடையாது. இனத்தை அறிவது ஒன்றே வழி.

இனி பொருளியலுக்கு வருகிறேன். ஐயத்தோடு எடுக்கும் எந்த முடிவிலும் இரண்டு வகைப் பிழைகள் நேரலாம். நல்ல காளானை நஞ்சு என்று எண்ணி எறிந்துவிடுவது ஒன்று. நச்சுக் காளானை நல்லது என்று எண்ணி உண்டுவிடுவது மற்றொன்று. முதற்பிழையின் விலை சில பத்து ரூபாய். இரண்டாவதன் விலை ஓர் உயிராகவோ ஒரு குடும்பமாகவோ இருக்கலாம். இரண்டு பிழைகளின் விலையும் இவ்வளவு ஏற்றத்தாழ்வு கொண்டிருக்கும்போது, 'பெரும்பாலும் சரியாக இருக்கும்' என்ற அளவுகோல் பயன்படாது. நூற்றில் தொண்ணூற்றொன்பது உறுதி என்பது துணி வாங்கப் போதும். காளான் பறிக்கப் போதாது.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி பிறக்கிறது. நாம் இயல்பாகவே ஒற்றுமைகளைத் தேடுகிறோம்: குடை அதுபோல் இருக்கிறது, நிறம் அதுபோல் இருக்கிறது, ஆகவே அதுதான் என்று முடிக்கிறோம். காளான் வல்லுநர் எதிர்த்திசையில் நடக்கிறார். இதனோடு குழம்பத்தக்க நச்சு இனங்கள் யாவை, அவற்றுள் ஒவ்வொன்றையும் எந்த அடையாளத்தால் விலக்குகிறேன் என்று கேட்கிறார். எல்லாவற்றையும் விலக்கிய பின்னரே பெயர் சொல்கிறார். கைப்பேசிச் செயலிகள் முதல் வழியில் செல்பவை. குடையின் மேற்புறப் படம் ஒன்றைக் கொண்டு அவை தோற்ற ஒற்றுமையைத் தேடுகின்றன. மண்ணுக்கடியில் தண்டு எப்படி முடிகிறது, துகளின் நிறம் என்ன என்பன அப்படத்தில் இல்லை. ஆர்வத்தோடு பெயரறிய அவை உதவலாம். உண்பதற்குச் சான்றாக அவற்றைக் கொள்ளக் கூடாது.

அமெரிக்கப் பொருளியலர் ஜார்ஜ் அகர்லோஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்தும் வாங்குபவருக்குத் தெரியாமலும் இருக்கையில் சந்தை எப்படிச் சீர்குலைகிறது என்பதை விளக்கியது. உத்தரவாதம், வணிகப் பெயர் போன்றவை அக்குறையைச் சரிசெய்யத் தோன்றிய ஏற்பாடுகள். காட்டுக் காளானில் நிலைமை இன்னும் சிக்கலானது: பறிப்பவர், விற்பவர், வாங்குபவர் மூவருக்குமே உண்மை தெரியாமலிருக்கலாம்.

வளர்ப்புக் காளான் இந்தச் சிக்கலைத் தொடக்கத்திலேயே தீர்க்கிறது. ஆய்வகத்தில் இனம் உறுதி செய்யப்பட்ட தூய வளர்ப்பிலிருந்து காளான் வித்து தயாராகிறது. அவ்வித்திலிருந்து காளான் விளைகிறது. இதில் தமிழகத்தின் பங்கு பெருமைக்குரியது. வைக்கோல் காளான் வளர்ப்பைக் கோவை வேளாண் கல்லூரியில் கே.எம். தாமஸ் உள்ளிட்டோர் செய்துபார்த்து 1943இல் எழுதினர். பின்னர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக் காளான் இரகங்களை வெளியிட்டது. நம் வெப்பத்தைத் தாங்கி வளரும் பால் காளானில் ஏ.பி.கே. 2 என்ற இரகத்தை 1998இல் வழங்கியது. தியாகராய நகர்க் கடையில் காளான் பொட்டலம் வாங்கும்போது, உணவுக்கு மட்டும் நாம் விலை கொடுப்பதில்லை. 'இது இன்னதுதான்' என்ற உறுதிக்கும் சேர்த்தே கொடுக்கிறோம்.

ஆகவே சென்னைவாசிகளுக்கு என் பரிந்துரை எளியது. புல்வெளியிலும் சாலையோரத்திலும் முளைக்கும் காளானைப் பாருங்கள், படம் எடுங்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், சமைக்காதீர்கள். யாரேனும் உண்டுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டா. 108ஐ அழையுங்கள் அல்லது உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மிஞ்சிய காளானையோ குழம்பையோ தவறாமல் உடன் எடுத்துச் செல்லுங்கள். எப்போது உண்டார், எப்போது வாந்தி தொடங்கியது என்ற இரண்டு நேரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரம் கடந்து தொடங்கிய உபாதை மருத்துவருக்கு முக்கியமான செய்தி. விரைவாகத் தொடங்கிவிட்டது என்பதால் ஆபத்து இல்லை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஒரே குழம்பில் இரண்டு இனங்கள் கலந்திருக்கலாம்.

தனிமனித எச்சரிக்கை மட்டும் போதாது. அடையாளம் காட்டும் அறிவைச் சந்தை தானாக வழங்காது. ஏனெனில், அது யாருக்கு மிகவும் தேவையோ அவருக்குத் தனக்கு அது தேவை என்பதே தெரிவதில்லை. தெரிந்தவரைத் தேடிச் செல்லப் பலரிடம் பணமோ நேரமோ இல்லை. இத்தகைய இடத்தில்தான் பொதுத்துறை முன்வர வேண்டும். சுவிட்சர்லாந்தில் மக்கள் பறித்த காளான்களைச் சோதித்துச் சொல்லும் அலுவல்முறை நிலையங்கள் உள்ளன. அவற்றுக்கான சங்கம் 1925லேயே தொடங்கிவிட்டது. பிரான்சில் மருந்தாளுநர் கல்வியில் காளான் அறிவியல் இடம்பெறுகிறது.

சென்னைக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு உடனடியாகத் தேவையில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களுக்கு, மாநகராட்சிப் பூங்காக்களில் புல்வெளிக் காளானின் படத்தோடு ஓர் எச்சரிக்கைப் பலகை வைக்கலாம். அது தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டுமல்லாமல் இந்தியிலும் வங்காளியிலும் அஸ்ஸாமியிலும் இருக்க வேண்டும். நகரின் கட்டடங்களைக் கட்டுபவர்களும் வாயில்களைக் காப்பவர்களும் படிக்கும் மொழிகள் அவை. நச்சுப் பாதிப்போடு நோயாளி வரும்போது அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு, மிஞ்சிய காளானின் மாதிரியை அடையாளம் காண அனுப்பத்தக்க ஒரு வல்லுநர் மேசையைக் கிண்டியில் அமைக்கலாம். புற்றுக்காளானுக்குப் பெயர் வைத்த அறிவு மரபு அங்கேதான் இருக்கிறது. அடுத்த பருவமழைக்கு முன் இதற்கு ஆகும் செலவை யாராவது கணக்கிட்டுப் பார்த்தால், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஆகும் செலவோடு அதை ஒப்பிட்டுப் பார்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.